அலமாரிக்கு மேலே இருந்த பெட்டி

பட்டர்வொர்த்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலையில் பசியாறாமல் வேலைக்கு ஓடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை. மலேசியப் பிள்ளைகள் கூடிச் சமைத்த இடத்தில் யாரோ அலிகேட்ஸ் என்ற குழுவின் மலாய்ப் பாட்டைப் போட, மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் வரி தவறாமல் பாட, நீ மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாயாம். “பாடுகிறவர் தமிழராமே அப்பா, எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?” என்றாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணம் நான்தான், கயல்.

நீ பிறந்தபோது எனக்கு இருந்த பயமெல்லாம் தமிழைப் பற்றித்தான். மலாய் பள்ளிக்கூடத்தில் வந்துவிடும், ஆங்கிலம் டிவியில் வந்துவிடும், தமிழ் வீட்டில் இல்லாவிட்டால் வேறெங்கே கிடைக்கும் என்று நினைத்தேன். அதனால் வீட்டிலும் காரிலும் தமிழ்ப் பாட்டுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் கேசட் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றினேனே, அது தவறு.

நம் வீட்டுக்கு மலாய்ப் பாட்டு மூன்று பேர் வழியாக வந்தது. தாத்தாவுக்கு நடிகரும் பாடகருமான பி. ரம்லி. நம் பினாங்கில் 1929இல் பிறந்தவர். அவருடைய வீட்டுக்கு உன்னைச் சிறுவயதில் அழைத்துப் போயிருக்கிறேன், வெயில் என்று அழுதாய். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அவருக்கு முதன்முதலில் கதாநாயகன் வேடம் கொடுத்துப் படம் எடுத்தவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் முதுகை நிமிர்த்திக்கொள்வார். 1964இல் ரம்லி கோலாலம்பூருக்கு மாறினார். அதன்பின் அவருக்கு நல்ல காலம் அமையவில்லை. 1973இல், 44 வயதில், கையில் காசில்லாமல் இறந்தார். இன்று ஊருக்கு ஊர் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அவர் பாட்டை ஓரங்கட்டியது பெரியப்பாவின் தலைமுறை. 1961இல் ஆங்கிலப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனார்கள். பிறகு பீட்டில்ஸ் அலை. பையன்கள் எல்லாரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டார்கள். பீட்டில்ஸ் கத்திய ‘யே யே’யிலிருந்துதான் அந்தப் பாட்டுகளுக்கு ‘பாப் யே யே’ என்ற பெயரே வந்தது. இப்படிப்பட்ட குழுவுக்கு மலாயில் ‘குகிரான்’ என்று ஒரு புதுச்சொல்லையே உண்டாக்கினார்கள். ஜெஃப்ரிடின், ஏ. ரம்லி, எல். ரம்லி என்று பெரியப்பா இசைத்தட்டு வாங்கிக் குவித்தார்.

எனக்கு அலிகேட்ஸ். அறுபதுகளின் இறுதியில் பினாங்கில் உருவான குழு. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்று அண்ணன் தம்பிகள், தலையில் கூடை கவிழ்த்ததுபோல் சுருட்டை முடி. பக்கத்து வீட்டு டிவியில் அவர்களை முதலில் பார்த்த இரவு, தாத்தா வாசலில் நின்றபடியே, “யார் வீட்டுப் பிள்ளைகள்?” என்று கேட்டார். “ஆறுமுகம் பிள்ளைகள்” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை பேசவில்லை. நம்மைப்போன்ற கறுத்த முகம், நம் வீட்டில் வைக்கிற பெயர், நாடே கேட்கிற மலாய்ப் பாட்டு. எனக்கு அப்போது எவ்வளவு தைரியம் வந்தது என்று உனக்குச் சொல்லித் தெரியாது. அவர்களுடைய பல பாட்டுகளுக்கு இசையமைத்த எம். நாசிரும் மகா திறமைசாலி.

நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். மலாய்ப் பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதி வைத்தேன். ‘புலான்’ என்றால் நிலா, ‘புலாங்’ என்றால் வீடு திரும்புவது; ஆனால் இரண்டுக்கும் முதல் எழுத்து உச்சரிப்பு வேறு. நிலாவுக்கு மட்டும் ‘பு’வின் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். எழுத எழுதத்தான் ஒன்று கண்ணில் பட்டது. சுவாரா என்றால் குரல், நம் சுவரம். ஜீவா, நம் சீவன். பஹாகியா, நம் பாக்கியம். டுக்கா, நம் துக்கம். சிந்தா என்றால் காதல். நம் சிந்தைதான் அங்கே போய்க் காதலாகிவிட்டது! வடமொழியிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் வந்த சொற்கள். அந்தப் பாட்டுகளில் நான் ஒருநாளும் வெளியாளாக உணரவில்லை.

பாடகர் சுடிர்மானையும் சொல்ல வேண்டும். 1986 ஏப்ரலில் கோலாலம்பூர் சோவ் கிட் சாலையை அடைத்து மேடை போட்டுப் பாடினார். ஒரு லட்சம் பேர் என்றார்கள். அதில் நானும் ஒருவன், யாரோ ஒரு மலாய்க்காரரின் தோளுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே நசுங்கி நின்றேன். 37 வயதில் போய்விட்டார்.

லோகநாதன் 2007இல் காலமானார். ‘நான் முன்னே போய்விட்டால்’ என்று பொருள் வரும் பாட்டு ஒன்று அலிகேட்ஸுக்கு உண்டு. அன்று இரவு அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினேன். நீ உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். சத்தமாக இருக்கும் என்று இறங்கிவிட்டேன். அன்றே உன்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

இப்போது பெட்டியை இறக்கிவிட்டேன். கடையில் கொடுத்துப் பாட்டுகளையெல்லாம் பென்டிரைவில் ஏற்றியாயிற்று. நோட்டையும் சேர்த்து அனுப்புகிறேன். புள்ளி வைத்த ‘பு’வைப் பார்த்துப் படி. கடைசிக் கேசட் மட்டும் கடையில் வாங்கியதல்ல, ரேடியோ பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து நானே பதிவு செய்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஓர் இருமல் கேட்கும், அது தாத்தா. பாட்டு முடிகிற இடத்தில் ஒரு பெண்குரல் என்னைச் சாப்பிடக் கூப்பிடும். நீ பிறக்கும் முன்பே போய்விட்ட உன் பாட்டியின் குரல் இந்த வீட்டில் வேறு எதிலும் இல்லை. கடைக்காரர் அந்த இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

அன்புடன்,
அப்பா