புளியரை எஸ் வளைவில் என் தம்பியைக் காத்தவர்களுக்கு

108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவருக்கும், கோட்டைவாசல் டீக்கடை அண்ணாச்சிக்கும், பெயர் தெரியாத புனலூர் லாரி ஓட்டுநருக்கும் வணக்கம்.

ஆரியங்காவு கோயிலிலிருந்து செங்கோட்டை திரும்பும் வழியில் தம்பியின் பைக் சறுக்கித் தடுப்புச்சுவரில் மோதியது. பின்னால் காரில் வந்த நாங்கள் இறங்கி ஓடுவதற்குள், லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஒந்நும் பேடிக்கேண்டா" (ஒன்றும் பயப்பட வேண்டாம்) என்று மலையாளத்தில் அவனிடம் பேசிக்கொண்டே, தலை அசையாதபடி இரு கைகளாலும் பிடித்திருந்தார். அவனைத் தூக்கிக் காரில் போட வந்தவர்களை அதட்டி நிறுத்தியவரும் அவர்தான். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அப்படித் தூக்குவதே கைகால்களை முடக்கிவிடக்கூடும்.

தாடையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அலறினோம். ஆம்புலன்ஸில் வந்த சகோதரியோ அங்கே பஞ்சுத்துணியை வைத்து அழுத்தச் செய்துவிட்டு, மூச்சையும் நாடியையும் கவனித்தார். பெயர், ஊர், கிழமை கேட்டார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கத்தரியால் பேண்ட்டை வெட்டினார். தோல்கூடக் கிழியாமல் வீங்கியிருந்த தொடைதான் உண்மையான ஆபத்து! தொடையெலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் உள்ளேயே கசிந்து தேங்கக்கூடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார்.

"இன்னும் ஏன் கிளம்பவில்லை?" என்று மாமா கத்தினார். (அவர் கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான்.) சகோதரி பதிலே சொல்லவில்லை. ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் இருபுறத்தையும் விரித்து மெல்லக் கழற்றினார்கள். கழுத்துப்பட்டை மாட்டி, காலை நேராக்கிக் கட்டி, உடம்பு முழுவதையும் ஒன்றாகப் புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். அண்ணாச்சி ஆசையாகக் கொண்டுவந்த சோடாவை மறுத்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பது வாந்தியாகி மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்ற அச்சம். அந்த வெயிலிலும் போர்வை போர்த்தியது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகுமாம்.

வண்டி நகர்ந்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்து காயங்களையும் நாடித்துடிப்பையும் சகோதரி சொல்லிவிட்டதால், தென்காசியில் எங்களுக்கு முன்பே ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. வளைவுகளில் குலுங்காமல் ஓட்டிய அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

தம்பி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். லாரி அண்ணாச்சியை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தால் டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்களுக்குத் தகவல் வந்துவிடும்.