சக்திமான் வந்தாச்சு! ஞாயிறு காலை கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம்.

நாம் ஐந்து பேர் பங்கு போட்டு ஏலத்தில் எடுத்த சக்திமான் ராணுவ லாரி டிரெய்லரில் சேலம் வந்து சேர்ந்துவிட்டது. ஜெர்மனியின் மான் (MAN) நிறுவன உரிமத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை கட்டிய வண்டி. 1996-க்குப் பிறகு சக்திமான் தயாரிப்பே இல்லை.

15ஆம் தேதி ஞாயிறு, காலை 7 மணி. இடம்: ஏற்காடு அடிவாரம், நம் ஷெட்.

1. இன்ஜின் இரண்டாவது செல்ஃபிலேயே பிடித்தது. கவலை பிரேக் ஹோஸ்தான் (பிரேக்கின் ரப்பர் குழாய்). மடக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்குகிறது. எல்லாவற்றையும் மாற்றாமல் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவு ஆசை வேண்டாம்.

2. அம்புக்குறி போட்ட ராணுவ எண் இனி செல்லாது. படிவம் 21 விற்பனைச் சான்றின் அசல் என்னிடம் இருக்கிறது. ஆர்டிஓ பதிவு முடியும்வரை சாலையில் இறக்க மாட்டோம். ரீல்ஸுக்காக 'ஒரே ஒரு ரவுண்டு' என்று யாரும் கேட்காதீர்கள்.

3. ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான். மோட்டார் வாகன விதி 121 அப்படிச் சொல்கிறது. எனவே சாம்பலா, மணல் நிறமா என்று வாக்களிக்கவும். (என் வாக்கு மணல். செம்மண் ஒட்டினாலும் தெரியாது.)

4. கனரக உரிமம் உள்ளவர்கள் நகல் கொண்டுவரவும்.

5. சீட்டுக்கு அடியில் எலிக்கூடு இருக்கிறது. கையுறை, பழைய துணி அவசியம்.

தட்டுவடை செட்டும் டீயும் என் செலவு. எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். வெள்ளி இரவுக்குள் 'வருகிறேன்' என்றும் நிறத்தையும் இங்கேயே பதில் போடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது.