தட்டி நிமிர்த்திய டை ராடு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறினோம். பாதி வழியில் பாறையில் இடித்து, முன்சக்கரங்களை ஸ்டியரிங்கோடு சேர்த்துத் திருப்பும் கம்பியான டை ராடு வளைந்துவிட்டது, முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றன. டிரைவர் அண்ணன் அசரவில்லை. கழற்றி, கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டிவிட்டார். மலைமேல் வேறு வழியில்லை, சரி. ஆனால் கீழே வந்தும் அதை மாற்றவில்லை, மறுநாள் அதே ராடுடன் அடுத்த சவாரி! ஒருமுறை வளைந்த இரும்பு அதே இடத்தில் மறுபடி வளையும், இல்லை ஒடிந்தே போகும். முனையில் பந்துபோல் சுழலும் இணைப்பான பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையும் கிழிந்திருந்தது, கிரீஸ் போய் மண் ஏறினால் ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்காமல் என்ன செய்யும்? புது ராடு, நட்டு கழலாமல் பிடிக்கும் புது ஸ்பிளிட் பின், அப்புறம் சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட், அவ்வளவுதான் வேலை. சவாரிக்கு விடும் முன் அதிகாரிகள் ஜீப்புக்கு அடியிலும் குனிந்து பார்க்கட்டும்.

ஒரு வாசகர், போடிநாயக்கனூர்