கெலேபுவுக்கு ரயில் போகட்டும். பெல்டாங்கி முதியவர்களும் ஊர் திரும்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அசாமின் கோக்ராஜாரிலிருந்து பூட்டானின் கெலேபுவுக்கு இந்தியா போடவிருக்கும் ரயில் பாதை பற்றியும், அங்கே பூட்டான் அரசர் 2023 டிசம்பரில் அறிவித்த புதிய நகரம் பற்றியும் உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 69 கிலோமீட்டர் பாதை, 3,456 கோடி ரூபாய் செலவு என்ற விவரமெல்லாம் இருந்தது. மகிழ்ச்சியை அளந்து பார்க்கும் நாடு என்ற பாராட்டும் இருந்தது. ஆனால் கெலேபு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த சர்பாங் மாவட்டத்திலிருந்து விரட்டப்பட்டு, நேபாளத்தின் பெல்டாங்கி போன்ற அகதி முகாம்களில் வாழ நேர்ந்த மக்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எண்பதுகளில் அந்த மாவட்டப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்நாளில் பூட்டான் பள்ளிகளில் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போன ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தோம். ஹௌரா போய், அங்கிருந்து நியூ பொங்கைகாவ் ரயில் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து எல்லையைக் கடக்க வேண்டும். பூட்டான் என்றதும் பனிமலையும் மடாலயமும்தான் பலருக்கு நினைவு வரும். கெலேபு அப்படிப்பட்ட ஊர் இல்லை. அசாம் சமவெளி இமயமலையின் காலைத் தொடும் இடம் அது. வெயிலும் மழையும் பாக்குத் தோப்பும் எங்கள் குமரி மாவட்டத்தைப் போலவே இருக்கும். சற்று மேலே ஏறினால் ஆரஞ்சுத் தோட்டங்கள், நிழலில் ஏலக்காய், சரிவுகளில் இஞ்சி. இவற்றைப் பயிரிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நேபாளி பேசும் குடியானவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களுடைய முன்னோர் காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள். லோட்சம்பா, அதாவது தெற்கத்தியர், என்று அரசாங்கமே அவர்களை அழைத்தது. அவர்களிடம் நிலவரியும் வாங்கியது. என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அநேகமாக அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம். காலையில் பூட்டானின் தேசிய கீதத்தைப் பாடிவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா படித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நேபாளியில் பேசினார்கள். அதில் யாருக்கும் ஒரு முரணும் தெரியவில்லை.

1958இல் வந்த தேசியச் சட்டம் இவர்களுக்குக் குடியுரிமை தந்தது. 1985இல் வந்த சட்டம் அதைப் பின்தேதியிட்டுத் திருத்தியது. 1958 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ பூட்டானில் குடியிருந்ததற்கு அரசுப் பதிவு வேண்டும் என்றது. 1988இல் தெற்கு மாவட்டங்களில் மட்டும் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதிகாரிகள் கேட்ட முதன்மையான சான்று 1958ஆம் ஆண்டு நிலவரி ரசீது. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காகிதத்தை, எழுதப் படிக்கத் தெரியாத, ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்த ஒரு குடியானவர் வைத்திருக்க வேண்டும். 1957க்கும் 1959க்கும் ரசீது வைத்திருந்தும் பயனில்லாமல் போனவர்கள் உண்டு. மக்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு வகை, தாய் ஒரு வகை, பிள்ளைகள் இன்னொரு வகை. மாலையில் பையன்கள் என்னிடம் வந்து, "மிஸ், எங்கள் அம்மாவுக்கு நான்காம் எண் போட்டிருக்கிறார்கள், அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

1989இல் நேபாளி மொழிப் பாடம் பள்ளிகளிலிருந்து எடுக்கப்பட்டது. வடக்கு மக்களின் உடையான கோவும் கிராவும் எல்லோருக்கும் கட்டாயம் என்றானது. பள்ளியில் அவற்றைச் சீருடையாக அணிவதில் எந்தப் பிள்ளையும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு பறிக்கும்போதும் சந்தைக்கு நடக்கும்போதும் அந்தக் கனத்த துணியை அணியாவிட்டால் அபராதம் என்றபோதுதான் கசப்பு வந்தது. இந்த மக்களின் குறைகளை அரசரிடம் மனுவாக எழுதிக் கொடுத்த அரச ஆலோசனை மன்ற உறுப்பினர் டேக் நாத் ரிஜால் பத்து ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1990 செப்டம்பரில் தெற்கு முழுவதும் ஊர்வலங்கள் நடந்தன. வன்முறையும் நடந்தது, அரசு ஊழியர்களும் தாக்கப்பட்டார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதன் பிறகு தெற்கில் பல பள்ளிகள் மூடப்பட்டன. சிலவற்றில் ராணுவம் தங்கியது. பள்ளியில் சேரவும், அரசு வேலைக்கும், ஆரஞ்சை விற்கவும் கூடக் காவல்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். உறவினர் ஒருவர் ஊர்வலத்துக்குப் போயிருந்தால் குடும்பத்தில் யாருக்கும் அது கிடைக்காது.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கு அருகில் மக்கள் வெளியேறினார்கள். நாட்டின் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. விருப்பத்துடன் குடிபெயர்கிறோம் என்று அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்கியபோது, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னதாக அகதிகள் பலர் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். மகிழ்ச்சி பற்றிய கட்டுரைகளில் இந்தச் சிரிப்புக்கும் இடம் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

பூட்டான் அரசின் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. சின்னஞ்சிறு நாடு, சிக்கிம் 1975இல் இந்தியாவோடு சேர்ந்ததைக் கண்ணெதிரே பார்த்த நாடு, வந்தேறிகள் பெருகினால் தங்கள் மொழியும் பண்பாடும் கரைந்துவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நேற்று வந்தவரைப் பிரித்தெடுப்பதற்கும், மூன்று தலைமுறையாக வரி கட்டியவரை வெளியேற்றுவதற்கும் ஒரே சல்லடையைப் பயன்படுத்தியதை எந்த அச்சமும் நியாயப்படுத்தாது.

இதில் நம் நாட்டின் பங்கும் உண்டு, அதைத்தான் உங்கள் கட்டுரை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது; இடையில் இந்தியா இருக்கிறது. விரட்டப்பட்டவர்கள் அசாமிலும் வடக்கு வங்காளத்திலும் நிற்க முடியாமல் லாரிகளில் ஏற்றப்பட்டு நேபாள எல்லையில் இறக்கப்பட்டார்கள். ஆற்றங்கரையில் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் வைத்துக் குடிசை போட்டவர்களுக்காகப் பிறகு ஜாப்பா, மோரங் மாவட்டங்களில் முகாம்கள் வந்தன. அவர்கள் ஊர் திரும்ப நடந்தபோதெல்லாம் மறித்தது நம் போலீஸ். 2007 மே மாதம் இந்திய-நேபாள எல்லையிலுள்ள மேச்சி பாலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிரும் போனது. ஆனால் இது பூட்டானும் நேபாளமும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்றே தில்லி சொல்லி வந்தது.

அவர்களும் பேசினார்கள். 2003இல் ஒரு முகாமில் மட்டும் கூட்டுச் சரிபார்ப்பு முடிந்து முடிவு வெளியானது. கட்டாயமாக வெளியேற்றப்பட்ட உண்மையான பூட்டானியர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. நூற்றுக்குச் சுமார் எழுபது பேர் தாங்களாகவே போனவர்களாம். ஒப்புக்கொள்ளப்பட்ட அந்தச் சிலரும் கூட ஊர் திரும்பவில்லை. 2007க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட எட்டு நாடுகள் ஏற்றுக்கொண்டன. முகாமில் மிஞ்சியவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். அவர்களில் பலர் முதியவர்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் கிடங்கு வேலை செய்கிறார். எப்போதாவது போனில் பேசுவார். அவருடைய தகப்பனாரிடம் 1958 ரசீது இருந்தது. தகரக் குழாயில் சுருட்டி வைத்து, கணக்கெடுப்பு அதிகாரியிடம் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டவர் அவர். ரசீது இருந்தும், மூத்த மகன் ஊர்வலத்துக்குப் போனான் என்பதால் குடும்பமே வெளியேற வேண்டியிருந்தது. அவர் பெல்டாங்கி முகாமில் இறந்தார். ரசீதை மகன் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "மிஸ், எங்கள் தோட்டத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கிழக்கிலிருந்து வந்த ஏழைகள்" என்றார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வெளியேற்றப்பட்டவர்களின் நிலங்களில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொண்டுவந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். நிலமில்லாத ஏழைக்கு நிலம் கொடுத்தது நல்ல காரியம். யாருடைய நிலத்தைக் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

2025 மார்ச் முதல் இன்னொரு கொடுமை. அமெரிக்காவில் ஏதோ ஒரு குற்ற வழக்கில் தண்டனை முடித்தவர்களை அந்நாடு பூட்டானுக்கே விமானத்தில் திருப்பி அனுப்பியது. பாரோ விமான நிலையத்தில் இறங்கியவர்களைப் பூட்டான் ஒரு நாள் கூட வைத்துக்கொள்ளவில்லை; இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. அவர்களில் சிலர் மறுபடியும் நேபாளத்துக்குப் போனார்கள். அங்கே அனுமதியின்றி நுழைந்ததாகக் கைதானவர்களும் உண்டு. எந்த முகாமில் வளர்ந்தார்களோ அதே பெல்டாங்கிக்கு மீண்டும் வந்து சேர்ந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

பூட்டானை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நான் பார்த்த நாடுகளில் ஆசிரியருக்கு அவ்வளவு மரியாதை தந்த நாடு வேறில்லை. காய்ச்சலில் கிடந்தபோது அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு காசு வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். 2008இல் வந்த அரசியல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை இலவசக் கல்வியையும் அடிப்படை மருத்துவத்தையும் உறுதி செய்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்காவது எக்காலத்திலும் காடாக இருக்க வேண்டும் என்கிறது. அரசர் 65 வயதில் பட்டம் துறக்க வேண்டும் என்று எழுதிவைத்த முடியாட்சி வேறெங்கே இருக்கிறது? யாரும் கேட்காமலே அதிகாரத்தை விட்டுக்கொடுத்து மக்களை வாக்களிக்கச் சொன்ன அரசகுடும்பம் அது. ஆனால் அதே சட்டத்தின் ஆறாம் பிரிவில் 1958 டிசம்பர் 31 என்ற தேதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மனம் உள்ளவர்களால் இதையும் செய்ய முடியும் என்று நம்புவதால்தான் எனக்கு ஆற்றாமை. நாட்டுக்குள்ளேயே குடியுரிமை இல்லாமல் தவித்த பலருக்கு இப்போதைய அரசர் தம் அருளாணையால் குடியுரிமை வழங்கியிருக்கிறார். முகாம்களில் இருக்கும் முதியவர்களுக்கும் அதே ஆணையை நீட்டினால் யாருடைய பண்பாடு அழிந்துவிடும்?

ஆகவே நான் கேட்பவை இவை. முகாமில் மிஞ்சியிருப்பவர்களில் ஊர் திரும்ப விரும்புகிறவர்களைப் பூட்டான் ஏற்க வேண்டும். வெளிநாட்டில் குடியேறியவர்கள் தாய் தகப்பன் வாழ்ந்த ஊரை ஒருமுறை பார்க்க விசா தர வேண்டும். தொண்ணூறுகளிலிருந்து சிறையில் இருப்பவர்களை விடுவிக்க வேண்டும். 2023இல் குறைந்தது 37 அரசியல் கைதிகள் இருப்பதாக மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் சொன்னது. எண்பதுகளின் நிலப்பதிவேடுகளைத் திறந்து, எந்த நிலத்துக்கு யார் பெயர் இருந்தது என்பதை வெளியிட்டு, இழப்பீட்டைப் பேச வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் நம் வரிப்பணத்தில் ரயில் விடும் இந்திய அரசு இவற்றைப் பூட்டானிடம் நேராகப் பேச வேண்டும். லாரியில் ஏற்றி இறக்கிய நாடு என்ற வகையில் அந்தக் கடமை நமக்கு இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ரயில் பாதையைப் பார்க்க உங்கள் செய்தியாளரை அனுப்பும்போது, வழியில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கச் சொல்லுங்கள். காக்கர்பிட்டா வழியாக எல்லையைத் தாண்டினால் பெல்டாங்கி அரை நாள் பயணம்தான். முகாமில் கெலேபுக்காரர்கள் யார் என்று கேட்டால் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.