ஆண்டறிக்கை: தயவுசெய்து பூட்டைத் தேய்க்காதீர்கள்

வயலில் மெட்டல் டிடெக்டரோடு பழைய பொருள் தேடுகிற நம் குழுவின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றதும் பாதிப் பேர் டீ எடுக்கக் கிளம்பிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் சப்பென்ற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், கையிருப்பு மோசமில்லை. எல்லோருடைய காப்பீடும் புதுப்பித்தாகிவிட்டது. இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில் ஏற்கெனவே நம்மை உள்ளே விடும் பண்ணைக்காரர்களோடு இந்த வருடம் புதிதாக ஒருவரும் சேர்ந்திருக்கிறார், அவரோடு ஒப்பந்தம் எழுத்திலேயே போட்டாகிவிட்டது (வாய்வார்த்தை நமக்கு வேண்டாம் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோமே). வசந்த காலம் முழுக்க மழை, வயலில் கால் வைக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

சரி, பூட்டுக்கு வருவோம்.

கோதுமை அறுத்த வயலில், அரிதாள் இன்னும் காலில் குத்திக்கொண்டிருந்த சமயம், நம்மில் ஒருவருக்கு நல்ல சுத்தமான சிக்னல் கேட்டது. பழைய பென்னி நாணயமாக இருக்கும் என்று தோண்டினார். ஒரு சாண் ஆழம்கூட இல்லை, உழவு மண்ணுக்குள்ளேயே, பச்சைக் களிம்பு பூத்த ஒரு சின்னக் குதிரை வந்தது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு கால் உடைந்திருந்தது, விலாவில் புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வட்டமுமாக வரிசையாகக் கொத்தியிருந்தார்கள், மார்பில் ஒரு துளை. பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் என்று பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியவரை, துளைக்குள் தெரிந்த துருவைப் பார்த்து நிறுத்தியவர் நம் திண்டுக்கல் அண்ணன். அவர் அப்பா அங்கே பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பூட்டு. ஆனா திருகுற பூட்டு இல்ல, சாவியை உள்ளே தள்ளுற பூட்டு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்து இந்த வகைப் பூட்டில் இன்று நாம் பார்க்கிற நெம்புகோல் எதுவும் கிடையாது. தாழில் இரண்டு மூன்று மெல்லிய வில் தகடுகள் அம்பு முனையின் முள் போல விரிந்து நிற்கும். தாழைக் கூட்டுக்குள் தள்ளினால் தகடுகள் ஒடுங்கி உள்ளே போய், உள்ளே போனதும் விரிந்து மாட்டிக்கொள்ளும். குடையை மடக்கும்போது கம்பியில் துருத்தி நிற்கிற சின்னத் தகட்டை விரலால் அமுக்குகிறோமே, அந்த விரலின் வேலையைத்தான் இங்கே சாவி செய்கிறது. நுனியில் ஓட்டையுள்ள சாவியை எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினால் அது தகடுகளின் மேல் ஏறி அவற்றை ஒடுக்கிவிடும், தாழ் வெளியே வந்துவிடும். ரோமானியர் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் இருக்கிற ஏற்பாடு இது.

மக்கள் மண்ணில் கண்டெடுக்கும் பழைய பொருட்களைப் பார்த்துப் பதிவு செய்யும் கவுண்டியின் கண்டெடுப்பு அலுவலர், நாம் எஃப்.எல்.ஓ. என்கிறோமே அவர்தான், பார்த்துவிட்டு 11 முதல் 13ஆம் நூற்றாண்டுக்குள் வரும் என்றார். நகைப்பெட்டி மாதிரி ஏதாவது சின்னப் பெட்டிக்குப் போட்டிருப்பார்களாம். இவ்வளவு சின்னப் பூட்டு ஒரு கத்தி முனைக்குக்கூடத் தாங்காது, திருடனைத் தடுக்க இதைப் போட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பெட்டியை யாராவது திறந்தால் தெரிய வேண்டும், பார்க்கிறவர் கண்ணுக்குப் பூட்டும் அழகாக இருக்க வேண்டும், இரண்டும்தான் காரணமாக இருக்கும். இதே மாதிரி மிருக வடிவப் பூட்டுகள் கிட்டத்தட்ட அதே காலத்தில் ஈரானிலும் வோல்கா ஆற்றங்கரை பல்கார் நகரத்திலும் இருந்திருக்கின்றன. சிலுவைப் போருக்குப் போனவன் கொண்டுவந்திருப்பான் என்று நம் குழுவில் ஒரு கட்சி உண்டு. ஒரு வியாபாரி பையில் ஒரு பூட்டு ஊர் ஊராகப் போவதற்குப் போர் எதற்கு என்பது என் கட்சி. டீ நேரத்தில் சண்டையைத் தொடரலாம்.

இப்போது வருத்தமான விஷயம். இன்னொரு உறுப்பினருக்கு (பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்) அதே வயலில் ஓர் உருளைப் பூட்டு கிடைத்தது, அதுவும் புள்ளி வட்ட வேலைப்பாடு உள்ளதுதான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளவென்று வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் களிம்போடு மேல்பரப்பும் போய்விட்டது, வட்டங்கள் பாதிதான் தெரிகின்றன, முலாம் பூசிய தடம் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அந்தப் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும். அதைவிட மோசம், உள்ளே அடைத்திருந்த மண்ணை ஊக்கால் குத்தி எடுத்தது. இந்தப் பூட்டுகளின் கூடு செம்புக் கலவை, வில் தகடுகள் பெரும்பாலும் இரும்பு. பல நூறு வருடத்தில் இரும்பு துருவாகி அந்த மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். மண்ணை விட்டுவைத்தால் எக்ஸ்ரேயில் தகடு எத்தனை, எப்படி இருந்தது என்று பார்க்கலாம். எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு வெற்றுக் குழாய். எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். எடுத்ததை எடுத்தபடி மூச்சு விடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கிடைத்த இடத்தின் கிரிட் எண்ணை (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எண்), குறைந்தது 8 இலக்கம், முடிந்தால் 10 இலக்கம், அங்கேயே நின்று எழுதிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இரும்பு என்றதும் இன்னொன்று. நாம் எல்லோரும் டிடெக்டரில் இரும்பை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நடக்கிறோம், இல்லாவிட்டால் ஆணி பொறுக்கியே பொழுது போய்விடும். ஆனால் லண்டன், யார்க் மாதிரி ஊர்களில் முறையாக அகழ்ந்தவர்களுக்கு நிறையக் கிடைப்பது இரும்புப் பூட்டுதான். நமக்குக் கிடைத்ததை மட்டும் வைத்து அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் குதிரைப் பூட்டு தொங்கியது என்று முகநூலில் எழுத வேண்டாம்.

கோடையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போனது பலருக்குப் பிடித்திருந்தது. 1966இல் நாட்டிங்ஹாம்ஷயரின் ஃபிஷ்பூலில் கட்டட வேலையின்போது கிடைத்த புதையல் அங்கே இருக்கிறது: 1,237 தங்க நாணயங்கள், கூடவே நகைகள், இங்கிலாந்து அரியணைக்காக ரோஜாப் போர்கள் நடந்த 1460களில் யாரோ புதைத்தவை. நகைகளுக்கு நடுவே ஒரு குட்டித் தங்கப் பூட்டு, முழு நெஞ்சோடு என்று பிரெஞ்சில் பொறித்தது. எதையும் பூட்டுவதற்கல்ல, காதலுக்குக் கொடுத்தது. நம் ஆட்கள் நாணயங்களை விட்டுவிட்டு இதன் முன்னால்தான் கூட்டம் கூடினார்கள்.

சட்டம் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள், அதனால் ஒருமுறை. நம் குதிரை மாதிரி தனியாகக் கிடைக்கும் செம்புக் கலவைப் பூட்டு வழக்கமாகப் புதையல் சட்டத்துக்குள் வராது. அதே பூட்டு தங்கமோ வெள்ளியோ ஆகி 300 வருடத்துக்கு மேல் பழையது என்றால் 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையலா என்று விசாரிக்கும் அதிகாரி) தெரிவித்தே ஆகவேண்டும். 2023 ஜூலை 30 முதல் 200 வருடம் தாண்டிய, தனிச்சிறப்புள்ள உலோகப் பொருள் எதுவும் புதையலாகலாம் என்று விதி விரிந்திருக்கிறது, சந்தேகம் இருந்தால் அலுவலரைக் கேளுங்கள். புதையல் இல்லாத பொருளைப் பதிவு செய்யக் கட்டாயமில்லை, ஆனால் நம் குழுவில் கட்டாயம். 1997இல் தொடங்கிய, பொதுமக்கள் கண்டெடுத்த பழம்பொருட்களைப் பதியும் போர்ட்டபிள் ஆண்டிக்விட்டீஸ் பதிவேட்டில் இப்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. அளந்து, எடை போட்டு, படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம். இருட்டிய பிறகு வயலுக்குப் போகிறவர்களுக்கு நம் குழுவில் இடமில்லை, இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த வருடச் செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்கிறேன். அப்புறம், கூட்டத்துக்கு வரும்போது இதுவரை எடுத்த சின்னப் பித்தளைச் சாவிகள் வீட்டு டிராயரில் கிடந்தால் கொண்டுவாருங்கள், தேய்க்காமல். அலுவலரும் வருகிறார், எது பெட்டிச் சாவி, எது தள்ளு சாவி என்று பிரித்துப் பதிந்துவிடலாம் என்றார். கிரிட் எண் எழுதிய சீட்டையும் மறக்க வேண்டாம்.