தேக்குக் கதவுக்கு பெயின்ட் எதுக்குங்க?

ஆசிரியருக்கு வணக்கமுங்க. எங்க கோபி பக்கம் பழைய வீட்டு தேக்குக் கதவு, திண்ணைத் தூணு வெயில்ல நரைச்சுப் போச்சுன்னா உடனே பெயின்ட் அடிச்சு மூடிடறாங்க, கட்டை கெட்டுப்போகலைங்க, வெயிலு மேலாப்புல இருக்கற லிக்னினை (கட்டையோட நாரைப் புடிச்சு வெச்சிருக்கற பசை மாதிரிப் பொருளுங்க) அரிச்சதுதான் அந்த சாம்பல் நிறம். உப்புத்தாள்ல ரேகை போற பக்கமாவே தேச்சு, தூசி தட்டி, நல்லா காஞ்ச கட்டையில பாயில்டு லின்சீட் ஆயிலை (சீக்கிரம் காயற ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசா பூசி, கால்மணி நேரம் ஊறவிட்டு மிச்சத்தை துடைச்சிரோணும், இல்லைன்னா பிசுபிசுன்னு நின்னு ஊர்த்தூசியெல்லாம் ஒட்டிக்கும். வார்னிஷ் வெயில்ல வெடிச்சு உரியும், அப்பறம் அதைச் சுரண்டறது பெரிய ரோதனை. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க. ஒன்னு நெம்ப முக்கியமுங்க, எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டிப் போட்டா தானா சூடேறி தீப்புடிச்சிக்கும், விரிச்சு வெளிய காயப்போடுங்க.

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்