சேர்ச்சில் பனிக்குழிகள் குறித்து நண்பருக்கு

கல்லடி, மட்டக்களப்பு.

அன்பின் நண்பர் தவராசாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. திருக்கோவிலில் இம்முறை வேளாண்மை கைகொடுத்ததை அறிந்து மகிழ்ந்தேன். நான் கனடாவில் மகனிடம் இருந்தபோது ஆய்வுக் குழுவொன்றில் தொண்டராகச் சேர்ந்து சேர்ச்சிலுக்குப் போன கதையை, வந்தாறுமூலையில் புவியியல் படிக்கும் உமது மகள் கேட்டிருப்பதால், அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள அந்தச் சிற்றூருக்கு வீதி இல்லை. விமானத்தில் போகவேண்டும், அல்லது 1929இல் அங்கு எட்டிய புகையிரதப் பாதையில் வினிப்பெக்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு நாட்கள் பயணிக்கவேண்டும். ஊசியிலைக் காடு ஓய்ந்து மரமற்ற தண்டரா தொடங்கும் எல்லை அது.

எங்கள் வேலை பனியைத் தோண்டுவது, அவ்வளவுதான். நிலம் தெரியும்வரை குழி வெட்டி, அதன் சுவரில் பத்துப் பத்துச் சென்ரிமீற்றராக வெப்பநிலையை அளந்து, குறித்த கனவளவுப் பனியை நிறுத்து, அடர்த்தியைப் பென்சிலால் எழுதவேண்டும்; அந்தக் குளிரில் பேனை எழுதாது. அடித்தளத்துப் பனி சீனி போல உதிர்கிறது. மேலே கடுங்குளிர், கீழே அதைவிடச் சூடான மண். இந்த வேறுபாட்டால் நீராவி மேலெழுந்து, பனி மணிகளைப் பருக்கச் செய்கிறது.

என் மனதைப் பிடித்தது இதுதான். திறந்த தண்டராவில் காற்று பனியை வாரி இறுக்கிவிடுவதால், மெல்லிய கெட்டிப் படையே எஞ்சி, நிலம் நன்றாகக் குளிர்கிறது. மரங்களுக்கிடையிலோ பனி ஆழமாகவும் தளர்வாகவும் தங்கி, மண்ணின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. எனவே புவி வெப்பமடைந்து மரங்கள் வடக்கே நகர்ந்தால், அவை பிடித்துவைக்கும் பனியே கீழுள்ள உறைநிலத்தை, அதாவது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணை, சூடாக வைத்திருக்கும். வடபகுதி உறைநிலங்களில் ஏறத்தாழ 1,500 பில்லியன் தொன் காபன், அதாவது வளிமண்டலத்தில் இருப்பதைப்போல இரு மடங்களவு, அடைபட்டிருக்கிறது; நிலம் உருகினால் அது வாயுவாக வெளியேறி வெப்பத்தை இன்னும் கூட்டும். பனி என்றால் குளிர் என்று மட்டும் எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்தோம், நீரும் நானும்!

காசு கொடுத்து வேலை செய்வதா என்று கேட்டிருந்தீர். கொடுக்கத்தான் வேண்டும், சாப்பாடு, தங்குமிடம், ஆய்வுச் செலவு எல்லாம் அதற்குள் அடங்கும். அளவீடுகள் ஆண்டுதோறும் விடுபடாமல் தொடர்ந்தால்தான் பயன் என்பதால், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் விசாவும் பயணச் செலவும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு அது எட்டாது என்பதும் உண்மை. உதவித்தொகை கிடைக்காவிட்டால், கடன்பட்டு அவளை அனுப்பவேண்டாம்.

கிடைத்தால், கோடையில் போகச் சொல்லும். அப்போது இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்தி, உறைநிலம் எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று அளப்பார்கள். விரிகுடாப் பனிக்கட்டி உருகுவதால் துருவக் கரடிகள் கரையேறும் காலமும் அதுவே. துப்பாக்கியுடன் ஒருவர் காவல் நிற்பார். நுளம்புதான் பெருந்தொல்லை என்கிறார்கள், அதற்கு நம் ஊரில் பழகாதவளா அவள்?

அன்புடன்,
சிவலிங்கம்